ஏரிப் பக்கம் திருப்பிய கதிரை

லிங்கம் அண்ணை இறந்துபோனார் என்ற செய்தி வந்தபோது நான் எங்கள் வீட்டு முற்றத்தில் முழங்காலில் நின்று என் கரவனின், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சக்கர வீட்டின், கொளுக்கிக்கு கிரீஸ் பூசிக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் விடுமுறைக்கு ஏரிக்குப் போகும் ஆயத்தம். தொலைபேசியில் நேசன். "அக்கா, லிங்கம் அண்ணை போயிட்டார். விடிய, நித்திரையிலையே" என்றார். கையெல்லாம் கிரீஸ். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அப்படியே இருந்தேன்.

முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு சண்டை பாதியில் நின்றது. பாதியில் எழும்பிப் போவது அவருடைய பழக்கமே அல்ல. எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கும் வரை அவர் கதிரையை விட்டு அசையமாட்டார். யோசித்துப் பார்த்தபோது இந்த முறையும் கடைசி வார்த்தை அவருடையதுதான் என்பது நினைவுக்கு வந்தது. அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது.

இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னவர் அவருடைய மனைவி பத்மா அக்கா. நான் மறுத்தேன். அண்ணையைப் பற்றி நான் எழுதினால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிற சனம் சோறு சாப்பிடாமல் எழும்பிப் போய்விடும் என்றேன். அதற்கு அவர், "நல்லதா எழுத எத்தினையோ பேர் நிக்கினம் வசந்தி. அதுகளை வாசிச்சா ஆரோ வேற மனிசன் செத்த மாதிரிக் கிடக்கு. நீர் எழுதும்" என்றார். ஆகவே எழுதுகிறேன். சனம் முதலில் சாப்பிட்டுவிட்டு வாசிப்பது நல்லது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சண்முகலிங்கம் என்பது அவருடைய முழுப்பெயர். மெல்பேணில் எங்கள் ஆட்களுக்கு லிங்கம் அண்ணை. படிப்பால் பொறியியலாளர். ரயில் பெட்டிகளைத் திருத்தும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றார். கிரான்பர்னில் தானே படம் கீறிக் கட்டிய வீடு. உயரமான மனிதர், நேரான முதுகு, கழுத்தில் ஒரு விசில். விசில் என்றால் காற்பந்து நடுவர்கள் ஊதுகிற அதே விசில்தான். ஏரிக்கரையில் அவர் அதைக் கழற்றி யாரும் கண்டதில்லை. பிள்ளைகள் நீரில் ஆழத்துக்குப் போனால் ஒரு ஊதல், தேத்தண்ணி தயார் என்றால் ஒரு ஊதல், யாராவது கதைத்துக்கொண்டே இருந்தால் ஒரு ஊதல்.

அந்த ஏரி வடக்கே, மாநில எல்லையில் இருக்கிறது. ஆற்றை மறித்து அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்றைக்கும் நீருக்குள் பட்டுப்போய் நிற்கின்றன. ஜனவரியில் வெயில் தலையைப் பிளக்கும். விடியற்காலையில் வெள்ளைக் கிளிகள் ஆயிரம் பேர் சண்டை பிடிப்பதுபோலக் கத்தும். அங்கே ஒவ்வொரு ஜனவரியும் நான்கு குடும்பங்கள் நான்கு கரவன்களோடு போவோம். கரையில் உள்ள கரவன் முகாமில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருடா வருடம் அதே சைட், அதாவது அதே இடம். லிங்கம் அண்ணை குடும்பம், கணக்காளரான நேசன் குடும்பம், பொயிண்ட் குக்கிலிருந்து வருகிற திருச்சிக்காரர் முரளி குடும்பம், நானும் என் கணவர் தயாவும். கண்டுபிடித்தவர் லிங்கம் அண்ணை, ஆகவே ஏரியும் அவருடையது என்பது அவருடைய எண்ணம்.

கரவனை முன்னுக்கு இழுத்துக்கொண்டு போவது யாருக்கும் கைவரும். பின்னுக்கு எடுத்து அதற்குரிய இடத்தில் இறக்குவதுதான் வித்தை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கரவன் வலப்பக்கம் போகும். கொஞ்சம் கூடத் திருப்பினால் காரும் கரவனும் கத்தரிக்கோல் போல மடங்கிவிடும். முதல் வருடம் தயா பின்னுக்கு எடுத்தபோது தண்ணீர்க் குழாயில் இடித்து, தண்ணீர் வாணவேடிக்கை மாதிரி மேலே பாய்ந்தது. லிங்கம் அண்ணை விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்து, "இறங்கும் தயா. நான் விடுறன்" என்று கார்த் திறப்பை வாங்கி ஏறினார். ஒரே எடுப்பில் இறக்கினார். அழகாகத்தான் இறக்கினார், அதில் பொய் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து அது சம்பிரதாயம் ஆகிவிட்டது. முதலில் வருகிறவர்கள் வாசலில் காத்திருப்போம். நான்கு கரவனும் வந்து சேர்ந்ததும் லிங்கம் அண்ணை ஒவ்வொரு காராக ஏறி ஒவ்வொன்றாக இறக்குவார். மெத்தப் படித்த மூன்று ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு மரநிழலில் நிற்பார்கள். அவர்களுக்கு அது வசதி. சொந்தமாகக் கரவன் வாங்கி, அதைச் சொந்தமாக நிறுத்தத் தெரியாமல் வருடக்கணக்காகக் கூட்டிக்கொண்டு திரிந்த ஆண்கள் இந்த நாட்டில் வேறு எங்கும் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

பத்மா அக்காவின் வேலை பின்னுக்கு நின்று கை காட்டுவது. அவர் கை காட்டுவார், அண்ணை ஏசுவார். ஒருமுறை முழு முகாமும் கேட்க, கண்ணாடியால் தலையை வெளியே நீட்டி, "பத்மா, நீர் கையை ஆட்டுறதிலை எனக்குப் பின்னாலை மரம் நிக்குதோ, நுளம்பு நிக்குதோ எண்டு விளங்கேல்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு பத்மா அக்கா கையை ஆட்டவில்லை. பின்னுக்குப் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அதற்கும் அவர் ஏசுவார்.

தயா ஒரு குளிர்காலத்தில் இதயம் நின்று போனார். அந்தக் கிழமை முழுவதும் லிங்கம் அண்ணைதான் எங்கள் வீட்டை நடத்தினார். ஐயரைப் பிடித்தது, தகனத்துக்கு நேரம் எடுத்தது, வந்தவர்களின் கார்களைத் தெருவில் ஒழுங்காக நிற்பாட்டியது எல்லாம் அவர். அதற்கு நன்றி சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவன்று சாப்பாடு முடிந்து சனம் கலைகிற நேரத்தில், குசினி வாசலில் வந்து நின்றார்.

"தயா போனாப் பிறகு அந்தக் கரவன் உமக்குப் பாரம்தானே. என்ரை மச்சான் ஒருத்தன் கேக்கிறான். கரவனைக் குடுத்தா சைட்டையும் அவனுக்கே மாத்திவிடலாம். நீர் வாறதெண்டா பத்மாவோட எங்கட கரவனிலை படுக்கலாம்."

நான் கையில் பாத்திரம் கழுவுகிற துணியோடு நின்றேன். அந்த ஏரிக்கரை இடம் எனக்கு என்னவென்று அந்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். தயா கடைசியாக நிம்மதியாகப் படுத்து உறங்கியது அங்கேதான். அவர் போன பிறகு வீட்டில் எனக்கு நித்திரை வரவில்லை. அந்தக் கரவனுக்குள் போய்ப் படுத்தால் மட்டும் வந்தது. கரவன் வீட்டு முற்றத்தில் நின்றபோதும் அப்படித்தான். அதை விற்றுவிட்டு இன்னொருவர் கரவனில் ஒரு மூலையில் படுக்கச் சொல்கிறார். அவருக்கும் எனக்கும் இருந்த வழக்கு முழுவதும் இதுதான். அந்த ஏரிக்கரையில் எனக்கென்று ஓர் இடம் உண்டா, இல்லையா?

"கரவன் விக்கிறதுக்கில்லை அண்ணை. ஜனவரிக்கு நான் வாறன்" என்றேன்.

"ஆர் இழுக்கிறது?"

"நான்."

"ஆர் றிவேர்ஸ் அடிக்கிறது?"

நான் கையில் இருந்த துணியைப் பிழிந்தேன்.

"நான் அடிக்கமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்" என்று சொல்லிவிட்டுத் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். நேசனுக்கும் முரளிக்கும் கூட எனக்கு உதவக் கூடாது என்று சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர்களால் உதவியிருக்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.

டான்டினோங் தெற்கில் தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குருவி கூட இராது. அங்கே ஒரு வெறுமையான கார்த் தரிப்பிடத்தில் பால் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவில் கரவனை இறக்கிப் பழகினேன். கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் பிடித்தால், கை போகிற பக்கமே கரவனின் பின்பக்கமும் போகும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, எத்தனையோ போத்தல்களை நசித்த பிறகு நானாகக் கண்டுபிடித்தேன். சில நாட்களில் காருக்குள்ளேயே இருந்து அழுதேன். தயாவுக்காக அழுதேனா, கரவனுக்காக அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜனவரி வந்தது. தனியாக இழுத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மற்ற மூன்று கரவன்களும் இறக்கியாகிவிட்டன. எனக்காக யாரும் வாசலில் காத்திருக்கவில்லை. லிங்கம் அண்ணை தன் துணிக்கூரையின் கீழ்க் கதிரையில் இருந்தார். என் கார் உள்ளே வருவதைப் பார்த்தார். எழும்பினார். கதிரையைத் தூக்கி, ஏரிப் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பவும் இருந்தார்.

பால் போத்தல்கள் பார்த்துக்கொண்டு சிரிப்பதில்லை. மனிதர்கள் சிரிப்பார்கள். நிலம் சரிவு, பக்கத்தில் மரம், எதிரில் கையில் பியரோடு பத்துப் பதினைந்து பேர். முதல் எடுப்பில் கரவன் மடங்கியது. அடுத்ததில் குப்பைத் தொட்டியை இடித்து விழுத்தினேன். பக்கத்து இடத்து வெள்ளைக்காரர் ஒருவர் பாவப்பட்டு உதவட்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் ஓம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கதிரையிலிருந்து, தலையைத் திருப்பாமலே, லிங்கம் அண்ணை அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அந்த அம்மாவுக்கு உதவி தேவையில்லையாம், தானே செய்வாவாம் என்று. அந்த மனிதர் கையை விரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தக் கணத்தில் நான் லிங்கம் அண்ணையை எவ்வளவு வெறுத்தேன் என்பதை எழுதுவதற்கு இந்த மலரில் இடம் போதாது. வெயில் இறங்குகிற நேரத்தில் கரவனை இறக்கி முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. நான் துணிக்கூரையை இழுத்துவிட்டு அதன் கீழே தரையில் இருந்து ஒரு போத்தல் தண்ணீரை முழுவதும் குடித்தேன்.

ஏரிக்கரையின் கடைசி நாள் எப்போதும் கூழ். உறைய வைத்த நண்டும் இறாலும், ஒடியல் மா, பயற்றங்காய், ஒரு பெரிய பானை. லிங்கம் அண்ணை அகப்பையோடு நின்று கரவன் கரவனாகக் கூப்பிட்டு ஊற்றுவார். அந்த வருடம் நேசனைக் கூப்பிட்டார், முரளியைக் கூப்பிட்டார், தன் வீட்டுக்கு ஊற்றினார், பானையை மூடினார். நான் என் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பத்மா அக்கா தன் கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் குடித்தேன். உறைப்பு நன்றாக இருந்தது.

பிறகு வந்த வருடங்களில் நாங்கள் அயலவர்களாக வாழ்ந்தோம். அவருடைய இடமும் என்னுடைய இடமும் அருகருகே. என் விளக்கு தன் கண்ணில் அடிக்கிறது என்பார். உங்கள் விசில் என் காதில் அடிக்கிறது என்பேன். என் கயிறு தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று என் முளையைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி அடித்தார். நான் அதைத் திரும்பவும் பழைய இடத்தில் அடித்தேன். முகாமில் உள்ள வெள்ளைக்காரர்கள் நாங்கள் விவாகரத்துச் செய்துகொண்ட கணவன் மனைவி என்று நினைத்ததாக முரளி சொன்னார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது பொய் அஞ்சலி ஆகிவிடும். ஒரு பிற்பகல் திடீரென்று புயல் வந்தது. அதற்கு முன்பே வானத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அவர்தான். எல்லோருடைய துணிக்கூரையையும் ஓடி ஓடிச் சுருட்டினார், என்னுடையது உட்பட. சுருட்டும்போது முழுநேரமும் என்னை ஏசினார். பொம்பிளையள் கரவன் வைத்திருந்தால் இப்படித்தான் என்றார். பக்கத்து இடத்து ஆண்பிள்ளைகளின் கூரை மரத்துக்கு மேலால் பறந்து போனதை அவர் கவனிக்கவில்லை. அடுத்த நாள் நான் நன்றி சொல்லப் போனபோது, "உமக்காகச் செய்யேல்லை. உம்மட கூரை பறந்தா என்ரை கண்ணாடிதான் உடைஞ்சிருக்கும்" என்றார். நான் அவரை நம்பினேன். அவர் பொய் சொல்கிற மனிதர் அல்ல.

அடுத்து அவருக்கு இதயத்தில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. அந்த ஜனவரியில் அவர் கரவன் இழுக்கக் கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். மகன் கஜன் கரவனைக் கொண்டுவருவதாகவும், அண்ணையும் அக்காவும் பின்னால் சொகுசாக இன்னொரு காரில் வருவதாகவும் ஏற்பாடு. நாங்கள் வாசலில் சேர்ந்தபோது கஜன், நேசன், முரளி மூவரும் மூன்று கரவன்களோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் வருகிற கார்கள் தெருவரைக்கும் நின்று ஹோர்ன் அடித்தன. முகாம் மேலாளர் வெளியே வந்துவிட்டார். நேசன் ஒருமுறை முயன்று, காரை விட்டு இறங்கி, வியர்வையைத் துடைத்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு கையை நீட்டினேன்.

"திறப்பைத் தாங்கோ."

நான்கையும் இறக்கினேன். என்னுடையதைக் கடைசியாக இறக்கினேன். எல்லாம் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் லிங்கம் அண்ணை வந்து சேர்ந்தார். மெலிந்து போயிருந்தார். நான்கு கரவன்களும் வரிசையில் நிற்பதைப் பார்த்தார். யார் இறக்கியது என்று கேட்டார். முரளிதான் துணிந்து, "வசந்தி அக்காதான் அண்ணே" என்றார். லிங்கம் அண்ணை தன் பெட்டியிலிருந்து மட்டம் பார்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கரவனாகச் சுற்றி வந்தார். பிறகு சொன்னார்: "நேசன்ரை ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது."

போய்ப் பார்த்தேன். சரிந்துதான் நின்றது.

அவருடைய இறுதிச்சடங்கில் பேசிய ஒருவர் இந்தச் சம்பவத்தைச் சொல்லி, லிங்கம் அண்ணை ஒரு பெண்ணைத் தன் காலில் நிற்கச் செய்த பெருந்தகை என்றார். வெளிக்கு மறுத்து உள்ளுக்குப் பழக்கினாராம். நான் எழும்பி வெளியே போய் நின்றேன். மறுத்தவர் மறுத்தவர்தான். அவர் மறுத்ததால் நான் படித்தேன் என்பது உண்மை. மாடு முட்டியதால் ஓடிப் பழகியவன் மாட்டுக்கு மாலை போடுவதில்லை. லிங்கம் அண்ணை உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பேச்சை அவரே விசில் ஊதி நிறுத்தியிருப்பார். தான் செய்யாத நன்மைக்குப் பேர் வாங்குகிற மனிதர் அவர் இல்லை.

கடைசி ஜனவரி, அதாவது இந்த வருடம். வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு தானே கரவனை இழுத்து வந்தார். விட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முதல் எடுப்பு மடங்கியது. இரண்டாவதும் மடங்கியது. பத்மா அக்கா பின்னுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேசனும் முரளியும் என்னைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போயிருப்பேன். அவர் கேட்கவில்லை, கேட்கமாட்டார். நான் எழும்பினேன். என் கதிரையைத் தூக்கி ஏரிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

இதற்காக நான் வருந்தவில்லை. இப்போதும் வருந்தவில்லை. பின்னால் இயந்திரம் உறுமுவதும் நிற்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது. நீருக்குள் நிற்கிற பட்ட மரங்களில் ஒன்றில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அது பறந்து போகும் வரை நான் திரும்பவில்லை. திரும்பியபோது கரவன் உள்ளே நின்றது, கோணலாக.

பொழுது சாய்கிற நேரம் அவர் என் கூரைக்குக் கீழே வந்தார். அதற்கு முன் ஒருபோதும் வந்ததில்லை. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"நீர் பாத்துக்கொண்டு இருந்தனீர்" என்றார்.

"இல்லை அண்ணை. நான் ஏரியைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

"ஓம்" என்றார். "அண்டைக்கு நீர் தனிய இறக்கேக்கை நானும் ஏரியைத்தான் பாத்தனான். கண்ணிலை ஒண்டும் தெரியேல்லை."

அவ்வளவுதான். அதற்கு நான் ஒரு பதில் தேடினேன். கிடைப்பதற்குள் அவர் நடந்து தன் கரவனுக்குப் போய்விட்டார். மன்னிப்பா அது? இல்லை. மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் இருந்தது, கேட்கவில்லை. மூன்று மாதமாக அந்தப் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்குப் போய்ச் சொல்வதற்கு ஒன்றை ஆயத்தமும் செய்திருந்தேன். அதற்கு முன் போய்விட்டார். கடைசி வார்த்தை அவருடையது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

ஈஸ்டருக்குத் திரும்பவும் வருவதாக அவர் கரவனை ஏரியிலேயே விட்டிருந்தார். சாம்பல் கரைத்த மறுநாள் பத்மா அக்கா என்னைக் கூப்பிட்டு, அதைக் கொண்டுவர வேண்டும் என்றார். அந்தியேட்டிக்கு முன் அவருடைய சாமான் வீட்டுக்கு வந்துவிட வேண்டுமாம். கஜன் அங்கேயே விற்றுவிடலாம் என்றான். வாங்குவதற்கு ஆள் கூடப் பார்த்துவிட்டான். "அம்மா, யூ டோன்ட் ஈவன் டிரைவ்" என்றான், உங்களுக்குக் கார் ஓடவே தெரியாதே என்று. எட்டுச் செலவன்று என் குசினி வாசலில் வந்து நின்ற அதே வார்த்தை, இப்போது ஆங்கிலத்தில். பத்மா அக்கா தன் கைப்பையை எடுத்தார். என்னைப் பார்த்து, எப்போது போகலாம் என்று கேட்டார்.

இருவரும் போனோம். ஏரிக்கரை வெறிச்சென்று கிடந்தது. கரவன் அவர் விட்டபடி கோணலாகவே நின்றது. உள்ளே அவருடைய கதிரை மடித்து வைத்திருந்தது, விசில் ஆணியில் தொங்கியது. பத்மா அக்கா விசிலை எடுத்துப் பார்த்தார். இதையும் வைத்திருக்க வேண்டுமோ என்று கேட்டார். தேவையில்லை என்றேன். அவர் அதைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கிரான்பர்ன் வீட்டு வாசலில் இரண்டு செங்கல் தூண்கள் இருக்கின்றன. கரவன் போவதற்கு இரு பக்கமும் ஒரு கை அகலம் மட்டும் விட்டு அண்ணை தன் கையால் கட்டியவை. வேறு எவனும் இதற்குள் விடமாட்டான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். நான் தெருவில் காரை நிறுத்தினேன். பத்மா அக்கா இறங்கிப் பின்னுக்குப் போனார். பழக்கப்படி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கஜன் வாசற்படியில் நின்று பார்த்தான்.

நான் கண்ணாடியால் தலையை நீட்டினேன். "கையைக் காட்டுங்கோ அக்கா."

"என்ரை கை விளங்காதடி. அவர் எத்தினை தரம் சொன்னவர்."

"நீங்கள் காட்டுங்கோ."

அவர் தயங்கினார். பிறகு கைகளை அவிழ்த்து உயர்த்தினார். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். இடக்கை மெதுவாக அசைந்தது. இடப்பக்கம். வலக்கை கொஞ்சம். அப்படியே. உள்ளங்கை இரண்டும் தெரிந்தால் நில். பெருவிரல் பின்னோக்கிப் போனால் வா. ஒரு சந்தேகமும் இல்லை. கோயில் குருக்கள் காட்டுகிற தீபம் போல ஒவ்வொன்றும் நிதானமாக, தெளிவாக வந்தது. தூண்கள் இரு பக்கமும் நழுவிப் போயின, எதிலும் படவில்லை. ஒரே எடுப்பில் கரவன் உள்ளே நின்றது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். தயா போனபோது நான் இப்படி அழவில்லை. அந்தக் கைகளை விளங்காத கைகள் என்று சொல்லி அத்தனை வருடமும் கட்டி வைத்தாரே, அதைப் பார்த்து நாங்களும் சிரித்தோமே.

பத்மா அக்கா கரவனைச் சுற்றி வந்து பார்த்தார். "நேரா நிக்குது" என்றார். பிறகு மகன் நிற்கிற பக்கம் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கரவன் ரெண்டு, ஓடுறது நீர் ஒராள். ஜனவரிக்கு என்னெண்டு கொண்டுபோறது?"

கார் ஓடப் பழக வேண்டும் என்றேன். ஓம் என்றார். டான்டினோங் தெற்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது மறுபடியும் பால் போத்தல்கள் நிற்கின்றன. ஏற்கெனவே சிலவற்றை நசித்துவிட்டார்.

லிங்கம் அண்ணை, உங்கள் ஆன்மா அமைதியாக இருக்கட்டும் என்று நான் எழுதமாட்டேன். அமைதியாக இருந்தால் உங்களுக்கு விசர் பிடித்துவிடும். உங்களை மன்னித்துவிட்டதாகவும் எழுதமாட்டேன், நீங்கள் அதைக் கேட்கவில்லை. நான் ஈஸ்டருக்கு என்று வைத்திருந்த பதிலும் இனித் தேவையில்லை. ஒன்றை மட்டும் அறிந்துகொண்டு போங்கள். அக்காவின் கை நன்றாக விளங்குகிறது. ஜனவரியில் உங்கள் இடத்தில் உங்கள் கரவன் நிற்கும், அதற்குப் பக்கத்தில் என்னுடையது நிற்கும். உங்கள் கதிரையில் பத்மா அக்கா இருப்பார். அதை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று அவர் தீர்மானிப்பார். போய்வாருங்கள்.